நீர் பிறக்கும் மலையில் தாகம்

 

புகழனைத்தும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நோன்பு துறக்கும் வேளையில் பேரீச்சம் பழத்தோடு ஒரு மிடறு குளிர்ந்த நீரை அருந்துகிறோம். வறண்டிருந்த தொண்டை நனைகிறது. சோர்ந்திருந்த உடல் நிமிர்கிறது. அக்கணத்தில் அந்நீரின் அருமையை உணராதவர் எவருமிலர். ஆயினும் மஃரிப் தொழுகை முடிவதற்குள் அந்த உணர்வு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்னும் நம்பிக்கை, நீர் ஓர் அருட்கொடை என்பதையே மறக்கச் செய்துவிடுகிறது.

மறுமையில் அடியானிடம் அவன் அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி விசாரிக்கப்படும் என்று ஸூரத்துத் தகாஸுர் எச்சரிக்கிறது. அவ்விசாரணையில் முதன்முதலாகக் கேட்கப்படுபவை உடல் நலமும் குளிர்ந்த நீருமே என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. வாசகர்களே, அன்று நாம் கூறப்போகும் விடை யாது? அவ்விடையைத் தேடுவதற்கு, நாம் அருந்தும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

நீர் எங்கிருந்து வருகிறது?

கொழும்பு நகரில் வாழும் ஒருவர் வுழூச் செய்யும்போது அவர் கரங்களில் விழும் நீரிற் பெரும்பகுதி களனி கங்கையின் நீராகும். அம்பத்தலையில் அது எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு அனுப்பப்படுகிறது. 145 கிலோமீற்றர் நீளமான அந்தக் கங்கையை அதன் போக்கிற்கு எதிராகப் பின்தொடர்ந்து சென்றால், அது கெஹல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என இரு கிளைகளாகப் பிரிந்து, நோட்டன்பிரிட்ஜ், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய ஊர்களைக் கடந்து, ஹட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலும் பாவாத மலையின் காடுகளிலும் சென்று முடிவதைக் காணலாம்.

இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலியும் இம்மலைகளின் பிள்ளையே. ஹோர்ட்டன் சமவெளியிலும் அதனை அண்டிய மலைகளிலும் ஊறும் நீர் அக்கரப்பத்தனை, தலவாக்கலை வழியாகக் கொத்மலை ஓயாவாக இறங்கி, மகாவலியோடு சேர்ந்து, 335 கிலோமீற்றர் பயணத்தின் முடிவில் திருகோணமலைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. பொலன்னறுவையின் வயல்களுக்கு அது பாய்கிறது. தெற்கே பாயும் வளவை கங்கையும் ஹோர்ட்டன் சமவெளியின் சரிவிலேயே பிறக்கிறது.

இந்த நீரே நம் வீடுகளுக்கு ஒளியும் தருகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறும் திட்டத்தை முன்வைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் அமைந்தன. மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரும் அங்கிருந்த வணக்கத்தலங்களும் நீரில் அமிழ்ந்தன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அவற்றின் சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவுற்றது.

இவ்வாறு நாட்டின் தாகத்தையும் இருளையும் போக்கும் நீர் எம்மலைகளில் ஊறுகிறதோ, அம்மலைகளிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இன்றும் தூய குடிநீரின்றி வாடுகின்றன. ஊற்றின் வாயிலில் நிற்பவன் தாகித்திருக்கின்றான். ஆற்றின் கடைசியில் இருப்பவன் தெவிட்டக் குடிக்கின்றான். இந்த நிலை எவ்வாறு உருவாயிற்று? அதனை அறிய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தாகத்தில் தொடங்கிய வரலாறு

1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹாப்பிட்டியில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் அமைத்தனர். கோப்பி பெருகப் பெருக, அதற்கு வேண்டிய தொழிலாளரைத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வந்தனர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் வாட்டிய கிராமங்களிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தனர்.

அவ்வழி வன்னிக் காட்டின் ஊடாகச் சென்றது. நல்ல நீர் அருமையாகவே கிடைத்தது. குட்டைகளிற் தேங்கிக் கிடந்த கலங்கல் நீரை அள்ளிக் குடித்தவர்களை வாந்திபேதி பற்றிக்கொண்டது. நடக்க இயலாதவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கிட்டார் எவருமிலர். பிற்காலத்தில் அரசாங்கம் அவ்வழியிற் கிணறுகளையும் தங்குமடங்களையும் அமைத்தது. ஆனால் அதற்கு முன்னரே எண்ணற்ற உயிர்கள் மடிந்துவிட்டன. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் மேற்கொண்டு அந்த முன்னோரை நினைவுகூர்ந்தனர்.

வாசகர்களே, இப்பயணத்தைப் பற்றிக் கேள்வியுறும்போது நமக்கு அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் நினைவு வரவேண்டாமா? பாலகர் இஸ்மாயீல் (அலை) அவர்களின் தாகம் தணிக்க ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு முறை ஓடிய அத்தாயின் தவிப்பை, ஹஜ்ஜும் உம்றாவும் செய்வோர் அனைவரும் இன்றளவும் தம் கால்களால் நினைவுகூர்கின்றனர். ஒரு தாயின் தாகத் தவிப்பை வணக்கமாகவே ஆக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர், தமக்கு அருகில் நிகழ்ந்த அத்தகைய தவிப்பை அறியாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

லயமும் பீலியும்

1869இல் கோப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை மலைமுழுதும் பரவியது. 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதப் பாதை எட்டியது.

தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. மழைநீரைத் தடுத்துத் தேக்கி, ஊற்றுகளாகச் சிறுகச் சிறுக விடுவது காடுதான். காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் மண்சரிவும், வெயிற்காலத்தில் வரட்சியும் உண்டாகும். 1873ஆம் ஆண்டிலேயே கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் இதனை எச்சரித்தார். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காக்கவேண்டும் என்னும் அவரது ஆலோசனையை அரசாங்கம் ஏற்றது. ஆயினும் அதற்குக் கீழிருந்த சரிவுகளிற் பெரும்பகுதி அதற்குள் மொட்டையாகிவிட்டது.

தொழிலாளருக்கென வரிசை வரிசையாக லயங்கள் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பறாவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. குடிநீருக்கெனத் தனி ஏற்பாடு பெரும்பாலும் இருக்கவில்லை. மலைச்சரிவில் ஊறிவரும் நீரை மூங்கில் அல்லது தகரக் குழாயால் ஓரிடத்தில் விழச்செய்வர். அதுவே 'பீலி' எனப்பட்டது. குடிப்பதும் குளிப்பதும் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்த ஒரே பீலியில்தான். விடியுமுன் எழுந்து, பீலிக்கரையிற் காத்திருந்து, குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து சமைத்துவிட்டு, பெரட்டுக்கு நேரத்துடன் போய்ச் சேரவேண்டும். இச்சுமை முழுவதும் பெண்களின் தலைமீதே இருந்தது. பகல் முழுதும் கூடை சுமந்த அந்தத் தலை, காலையிலும் மாலையிலும் குடம் சுமந்தது.

லயங்களுக்கு மலசலகூடங்கள் இல்லாதிருந்த காலத்தில், மேட்டு லயத்தின் அசுத்தம் மழையோடு இறங்கிப் பள்ளத்து லயத்தின் பீலியிற் கலந்தது. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் ஓயாமல் வந்தன. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் உடலிற் புகும் கொக்கிப்புழு, இரத்தத்தை உறிஞ்சி அவர்களை நலிவித்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்தால் மாத்திரம் போதாது, மலசலகூடங்கள் கட்டாவிடில் நோய் மீண்டும் வரும் என்பது அவ்வியக்கம் கற்பித்த பாடமாகும்.

தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக 1872இலும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றால் நன்மை விளைந்தது உண்மையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்திற்குள் வாழ்வோரின் நலன் தோட்டத்துரையின் பொறுப்பு என்பதே அன்றைய ஆட்சியின் அடிப்படை எண்ணம். வீடு, வைத்தியம், பாதை, நீர் யாவும் தோட்டத்திற்குச் சொந்தம். எனவே தொழிலாளி நீரைப் பெற்றது உரிமையாக அன்று. முதலாளியின் தயவாகவே பெற்றான். மலையகக் குடிநீர்ப் பிரச்சினையின் ஆணிவேர் இங்கேயே இருக்கிறது.

சட்டத்தின் வேலிக்கு வெளியே

நாடு சுதந்திரமடைந்த பின்னர் இந்நிலை மாறியிருக்கவேண்டும், மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் தாகத்தைப் பற்றி எந்த வேட்பாளர் கவலைப்படுவார்? 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்த 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை இவ்வாறு எண்ணிப் பங்கிட்ட காலத்தில், அவர்களின் பீலிகளைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே.

அவ்வாறு சிந்தித்தோருள், தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டி அவர்களின் வாழ்க்கை நிலைக்காகக் குரல் கொடுத்த தலைவர் அப்துல் அஸீஸ் அவர்களை நம் சமூகம் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். குஜராத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த அவர், இலங்கை இந்திய காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவராகி, மஸ்கெலியாத் தொகுதியைப் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் செய்து, பின்னர் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தோற்றுவித்தார். அவர் யாருக்காக உழைத்தாரோ, அவர்களிற் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாவர். அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதன்று என்பதற்கு அவரது வாழ்வு ஒரு சான்றாகும்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உரிமையாளர் மாறினர், லயங்கள் மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் கிராமங்களுக்குப் பாதையும் நீரும் விளக்கும் வழங்கும் பொறுப்பைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, அச்சபைகளின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்காகச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பிரஜாவுரிமை பெற்று வாக்களித்து, தமது உறுப்பினரைச் சபைக்கு அனுப்பிய பின்னரும், அவ்வுறுப்பினரால் தம் சொந்தத் தோட்டத்திற்கு ஒரு நீர்த்தாங்கி கட்டிக்கொடுக்க இயலாதிருந்தது. 2018ஆம் ஆண்டிலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. அதாவது, சட்டம் இயற்றப்பட்டு 31 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

இக்காலத்தில் நல்ல முயற்சிகள் நடைபெறவில்லை என்று கூறுவது அநீதியாகும். 1992இல் அமைக்கப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தன்னார்வ நிறுவனங்கள், தோட்ட மக்களின் சொந்தச் சங்கங்கள் ஆகியன பல இடங்களிற் குழாய்நீரையும் மலசலகூடங்களையும் கொண்டுவந்தன. 2015இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய நீர்வழங்கல் திட்டத்தில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய மாவட்டங்களும் அடங்கின. இருப்பினும் பல தோட்டங்களில் குழாயில் வருவது மலையுச்சி ஊற்றின் வடிகட்டாத நீரே. உரமும் களைநாசினியும் மழையோடு கழுவுண்டு அதிற் சேர்கின்றன. மூடியற்ற தொட்டிகளில் இலைகுழைகளும் விலங்குகளின் கழிவும் விழுகின்றன. குழாய் இருக்கின்றது என்பதாலேயே நீர் தூயது என்று கருதிவிடலாகாது.

அதன் விளைவைக் குழந்தைகளின் உடலிற் காணலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ அத்தொகை நூற்றுக்குச் சுமார் 32 ஆகும். உணவுக் குறைவு மாத்திரம் இதற்குக் காரணமன்று. அடிக்கடி வயிற்றோட்டம் காணும் குழந்தை உண்ட உணவும் உடலில் ஒட்டுவதில்லை.

மலைகளும் இப்போது அமைதியாயில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கியது. இத்தகைய அனர்த்தங்களின்போது வீட்டிற்கு அடுத்ததாகச் சிதைவது நீர்க்குழாயே. எங்கும் வெள்ளம், ஆனால் குடிப்பதற்கு ஒரு குவளை நீரில்லை.

இஸ்லாமிய வரலாறு காட்டும் வழி

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக ஸூரத்துல் அன்பியாவில் அல்லாஹ் கூறுகிறான். நீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஓடும் நீரைக் கொண்டுவருபவர் யார் என்று ஸூரத்துல் முல்க்கின் இறுதியில் வினவுகிறான். நீரை உண்டாக்கியவர் மனிதருள் எவருமிலர் என்பதனாலேயே, நீரும் புல்வெளியும் நெருப்பும் மக்கள் பங்காளிகளாகும் பொருள்கள் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தேவைக்கு மேலான நீரைப் பிறருக்குத் தர மறுப்பதையும் தடுத்தார்கள்.

ஹிஜ்ரத்துச் செய்து மதீனா வந்த முஸ்லிம்களுக்கு நல்ல நீர் கிடைப்பது அரிதாயிருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் சுவையானது. ஆனால் அதன் உரிமையாளர் நீரை விலைக்கே விற்றார். அதனை வாங்கி மக்களுக்கு வழங்குபவருக்குச் சுவர்க்கம் உண்டென நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறவே, உஸ்மான் (ரழி) அவர்கள் தம் செல்வத்தால் அதனை வாங்கி வக்பு செய்தார்கள். செல்வந்தரும் ஏழையும் பயணியும் ஒரே கிணற்றில் உரிமையோடு நீரெடுத்தனர். இங்கு உஸ்மான் (ரழி) அவர்கள் ஆளுக்கொரு குடம் நீர் வாங்கிக் கொடுக்கவில்லை. கிணற்றையே மக்களுக்கு உரியதாக்கினார்கள் என்பதைச் சிந்தியுங்கள். தயவாகக் கிடைத்துவந்த நீரை உரிமையாக மாற்றிய செயல் அது. நம் மலையகத்தில் இரு நூற்றாண்டுகளாக நிகழாதிருந்தது அதுவே.

தம் தாயார் இறந்தபோது, அவருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் வினவினார்கள். நீர் வழங்குதல் என நபி (ஸல்) அவர்கள் விடையளிக்க, அவர்கள் ஒரு கிணறு தோண்டித் தாயாரின் பெயரால் அர்ப்பணித்தார்கள். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். வாயில்லாப் பிராணியின் தாகம் தணித்தமைக்கே இக்கூலியெனில், மனிதரின் தாகம் தணிப்போரின் கூலி எத்துணை பெரிதாயிருக்கும்!

அப்பாஸியக் கலீபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார், மக்காவில் ஹாஜிகள் நீரின்றிப் படும் துன்பத்தைக் கண்டு, தொலைவிலிருந்த பள்ளத்தாக்குகளிலிருந்து மலைகளைக் குடைந்து நீர்க்கால்வாய் அமைத்தார். மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் செலவானாலும் பணியை நிறுத்தலாகாது என அவர் பணித்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். அம்மையார் கி.பி. 831இல் மறைந்தார். அவருக்குப் பின்னர் அக்கால்வாய் பலமுறை தூர்ந்தது, பலமுறை செப்பனிடப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகளார் மிஹ்ரிமா தம் செல்வத்தால் அதனைப் புதுப்பித்தார். வெட்டியவருக்கு எவ்வளவு நன்மையோ, காத்தவருக்கும் அவ்வளவு நன்மை உண்டு. அக்காலத்து வக்புப் பத்திரங்கள் பலவற்றில், நீரூற்றோடு அதனைப் பராமரிப்பதற்கான வருமானமும் சேர்த்தே எழுதப்பட்டிருந்ததன் காரணம் இதுவே.

நாம் செய்யவேண்டியவை

வாசகர்களே, வரலாற்றை அறிந்து பெருமூச்சு விடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, கம்பளை ஆகிய நகரங்களில் நம் சமூகத்தார் பல தலைமுறைகளாக வாணிபம் செய்து வருகின்றனர். கண்டி மன்னர் காலத்திலேயே தவளம் கட்டி இம்மலைப்பாதைகளிற் பொருள் கொண்டுசென்றோர் நம் முன்னோர். நம் கடைகளில் அரிசியும் மாவும் சீத்தையும் வாங்கி நமக்கு வாழ்வளித்தோர் தோட்ட மக்களே. அந்த உப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, வீண்விரயத்தைத் தவிர்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் கொள்ளும் அளவான நீரால் வுழூச் செய்தார்கள். நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு உரையாடிக்கொண்டே வுழூச் செய்கிறோம். அங்கு வழிந்தோடும் நீர் எம்மலையிலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் நம் கை தானாகவே குழாயை மூடும்.

இரண்டாவது, நீர் நிலைகளை அசுத்தப்படுத்தாதிருப்போம். நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலசலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் கடைகளின் கழிவையும் இறைச்சிக் கழிவையும் பொலித்தீனையும் ஓடையில் எறிவது இவ்வெச்சரிக்கைக்கு உட்படாது என்று யார் கூறமுடியும்?

மூன்றாவது, இயன்றோர் நீர்த்தர்மம் செய்வோம். ஆனால் அறிந்து செய்வோம். ஊற்றின் கண்ணைச் சீமெந்தால் மூடிக் காப்பது, அதனைச் சுற்றி வேலியிட்டு மரம் வளர்ப்பது, தொட்டிக்கு மூடியிட்டு வடிகட்டி அமைப்பது, குளோரின் இடுவது ஆகியனவே நீரைத் தூய்மையாக்கும். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி பணித்த மார்க்கம் நம்முடையது. ஒரு லயத்தார் முழுவதும் குடிக்கும் தொட்டி திறந்து கிடக்கலாமா? கட்டிமுடித்து, பெயர்ப்பலகை மாட்டி, புகைப்படம் எடுத்துத் திரும்பிய பின்னர், ஒரு குழாய் உடைந்தால் திருத்துவார் யார் என்பதையும் முன்னரே தீர்மானிக்கவேண்டும். தோட்ட மக்களே அமைக்கும் நீர்ச் சங்கத்திடம், அதிலும் நீர் சுமக்கும் பெண்களிடம், கலந்து பேசாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. பராமரிப்புச் செலவுக்கென ஒரு தொகையைச் சேர்த்தே கொடுப்பது ஸுபைதா அம்மையாரின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நான்காவது, தர்மம் உரிமைக்கு ஈடாகாது என்பதை மறவாதிருப்போம். 2010 ஜூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய குடிநீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. 2018இன் திருத்தத்தின் பின்னர்ப் பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் பணியாற்றலாம். எனவே நம் பகுதிச் சபை உறுப்பினர்களிடம், நகரத்தின் வடிகானைப் பற்றி மாத்திரமன்றித் தோட்டத்தின் குடிநீரைப் பற்றியும் கேட்போம். தாகித்தவனுக்காகக் கேட்கும் குரலும் ஒரு ஸதகாவே.

ஐந்தாவதாக ஒரு சிறு குறிப்பு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் நீர் 100 பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆதலால் மலைநாட்டில் வாழ்வோர் நீர் நன்கு கொதிக்கத் தொடங்கிய பின்னரும் மூன்று நிமிடம் வரை கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிட்டுப் பருகுதல் நலம்.

சகோதரர்களே, சகோதரிகளே! நம் பள்ளிவாசல்களின் ஹவுழ்கள் நிரம்பியிருக்கின்றன. திருமண வைபவங்களில் பாதி குடித்த நீர்ப்போத்தல்கள் மேசைகளில் எஞ்சிக் கிடக்கின்றன. மலையுச்சியிலோ ஒரு தாய் பிளாஸ்டிக் கானைத் தலையில் வைத்து, வழுக்கும் படிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றாள். அவள் பறித்த கொழுந்தைத்தான் நாம் காலையில் தேநீராக அருந்தினோம். அவள் மலையின் நீரில்தான் அதனைக் கொதிக்கவைத்தோம். குளிர்ந்த நீரைப் பற்றி நாளை நம்மிடம் கேட்கப்படும்போது, நீ குடித்தாயா என்று மாத்திரமா கேட்கப்படும்? அருகிலிருந்தவள் குடித்தாளா என்றும் கேட்கப்பட்டால் நாம் யாது சொல்வோம்?

எல்லாம் வல்ல அல்லாஹு தஆலா, தான் அருளிய நீரின் அருமையை உணர்ந்து நன்றி செலுத்தும் அடியார்களாக நம்மை ஆக்குவானாக! தாகித்திருப்போரின் துயர் துடைக்கும் மனத்தையும் வசதியையும் நமக்கு வழங்குவானாக! மலைகளில் வாழும் மக்களை அனர்த்தங்களிலிருந்தும் நோய்களிலிருந்தும் காப்பானாக! மறுமையின் பெருந்தாகத்தில், நபி (ஸல்) அவர்களின் கவ்ஸர் தடாகத்து நீரை அருந்தும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.